பிளான் போடும் முன் மூடியைத் திறங்கள்

பழைய வீட்டைப் பெருக்கிக் கட்டலாம் என்று முடிவெடுத்த குடும்பத்தில் முதலில் எழும் பேச்சு மாடிப்படி எந்தப் பக்கம், சமையலறைக்குக் கிழக்கு வெளிச்சம் வருமா, காரை எங்கே நிறுத்துவது என்றுதான் இருக்கும். கொல்லைப்புறத்தில் மண்ணுக்குள் கிடக்கும் செப்டிக் டேங்க் யார் நினைவுக்கும் வராது. அஸ்திவாரக் குழி தோண்டும்போது கடப்பாரை ‘ணங்’கென்று ஒரு கடப்பா கல்லில் பட்ட பிறகுதான் அது நினைவுக்கு வரும். அதற்குள் பில்லர் மார்க்கிங் முடிந்திருக்கும், கம்பி வந்து இறங்கியிருக்கும், மேஸ்திரி அவசரப்படுத்துவார். அந்த நேரத்தில் எடுக்கப்படும் முடிவு பெரும்பாலும் தவறாகத்தான் போகிறது. ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் தொட்டியைத் திறந்து அளக்க வேண்டும், பிறகுதான் வரைபடம்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டில் கட்டிய வீடுகளில் கழிப்பறை கொல்லையில் இருக்கும், தொட்டி அதை ஒட்டி இருக்கும். வீடு வளர்வதும் கொல்லைப் பக்கம்தான். முதலில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரம் வரும். அது சுவர் எழுப்பிச் சமையலறையாகும். கடைசியில் தொட்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். டைல்ஸ் போட்ட தரைக்கு அடியில் தொட்டி இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அடைத்துக்கொண்டால் டைல்ஸை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அனுமதி வாங்கும்போது யாராவது வந்து இதையெல்லாம் பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடுதான், அலைச்சல் குறைகிறது. ஆனால் விதிப்படி கட்டுவேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். வரைபடத்தின் ஓர் ஓரத்தில் ‘எஸ்.டி.’ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, அதைப் பல இடங்களில் முந்தைய வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருப்பார்கள். அந்தக் கட்டத்துக்கு நீள, அகல, ஆழம் எழுதித் தரும்படி உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள். கட்டடத்துக்கு 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இருக்கின்றன. தொட்டியை எப்படிக் கட்டுவது என்பதற்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 இருக்கிறது. அதன் முதல் பகுதி தொட்டியைப் பற்றியது, இரண்டாம் பகுதி தொட்டியிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றியது. இந்த அத்தியாயத்தில் வரும் அளவுகள் பெரும்பாலும் அதைத் தழுவியவை.

ஆள் இறங்கக் கூடாது

திறந்து அளக்க வேண்டும் என்றால் முதலில் கழிவை எடுக்க வேண்டும். அதற்கு லாரிதான் வர வேண்டும். கடைசி ஓர் அடிக் கசடைக் குழாய் இழுக்கவில்லை என்று வாளியோடு ஓர் ஆளை இறக்கிவிடும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. கைகளால் மனிதக் கழிவு அகற்றும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பு இல்லாமல் ஒருவரைச் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய வைப்பதைக் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஐந்து ஆண்டு, ஐந்து லட்சம். ஜாமீனில் வர முடியாத குற்றம் இது. நேரடியாகவோ இடைத்தரகர் மூலமாகவோ வேலைக்கு வைக்கும் எவரையும் சட்டம் பிடிக்கும் என்பதால், ‘காண்ட்ராக்டர்தான் ஆள் கூட்டி வந்தார்’ என்று வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. இப்படி இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

சட்டத்தை விடுங்கள், உள்ளே இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் ஒன்றாகச் செத்த செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. இதை ஏன் வீடு கட்டும் நூலில் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய தொட்டியை இடிக்கும் வேலையும் இதே ஆபத்துள்ளது. இடிக்க வந்த சித்தாளுக்கு அது வெறும் பள்ளம். பத்து வருடம் பயன்பாட்டில் இல்லாத தொட்டியிலும் அடிக்கசடைக் கிளறினால் வாயு எழும்பும். மேல் மூடியை முழுவதுமாக உடைத்து வானம் பார்க்கத் திறந்துவைத்து, கழிவை லாரியில் எடுத்த பிறகும், இடிப்பு மேலிருந்துதான் நடக்க வேண்டும்.

லாரிக்காரரிடம் உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார் என்றும் கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இருப்பதுபோல், மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. அப்படி இல்லாத ஊரில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இறக்க வேண்டும். ஏரிக்கரை இரண்டிலும் சேர்த்தியில்லை. வாகனம் கிடைக்கவில்லை என்றால் 14420 என்ற உதவி எண் உண்டு.

உள்ளே என்ன இருக்கும்

பழைய தொட்டியைத் திறந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று தென்படும். ஒன்று, அது தொட்டியே இல்லை. ஐந்தாறு சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி மேலே மூடி போட்டிருப்பார்கள், அடியில் மண். கழிவு நேராகப் பூமிக்குள் போகிறது. ‘முப்பது வருசமா லாரியே கூப்பிட்டதில்ல சார்’ என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொன்னால், அநேகமாக இதுதான் காரணம். இதைப் பெருக்கவோ சீர்செய்யவோ முடியாது. மூடிவிட்டுப் புதிது கட்டுவதுதான் வழி.

இரண்டாவது, செங்கல் தொட்டி நல்லபடியாக நிற்கும், ஆனால் உள்பூச்சு போயிருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். நீர் நின்ற மட்டத்துக்குக் கீழே சிமெண்ட் பூச்சு ஓரளவு முழுதாக இருக்கும். அதற்கு மேலே, வாயு நிற்கும் அந்த ஓர் அடி உயரத்தில் பூச்சு உப்பி, செங்கல் பொரிந்து, மூடிக் காங்கிரீட்டின் அடிக்கம்பி துருப்பிடித்துத் தொங்கும். ஹைட்ரஜன் சல்பைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி காங்கிரீட்டைத் தின்னும் இடம் அதுதான். மேலே நின்று பார்த்தால் மூடி கல்லுப்போல இருக்கும், அடியில் பாதி கனம்கூட மிஞ்சியிருக்காது. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு பள்ளித் தொட்டியின் துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து சின்னக் குழந்தை உள்ளே விழுந்து இறந்தது. பழைய தொட்டியை வைத்துக்கொள்வதாக இருந்தாலும் பழைய மூடியை வைத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது வகை, சுவரும் தளமும் சரியாக இருந்து, உள்ளே வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் இருக்க வேண்டிய ‘டீ’ மட்டும் இல்லாதது. டீ இல்லாவிட்டால் மேலே மிதக்கும் ஆடை அப்படியே, வெளியேறும் நீர் மண்ணில் இறங்கும் குழியான சோக் பிட்டுக்குப் போய் அதை அடைத்துவிடும். இரண்டு டீயும் நீர்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய ஓர் அடி இறங்கியிருக்க வேண்டும். வெளியேறும் குழாய், உள்வரும் குழாயைவிட 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். இதை மட்டும் சரிசெய்தால் போதும் என்ற நிலையில் உங்கள் தொட்டி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. காலி செய்த தொட்டியை வெளிக்குழாய் மட்டம் வரை தண்ணீரால் நிரப்பி, வெளிக்குழாயைச் சாக்குத் துணியால் இறுக்கி அடைத்து, சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, கழிப்பறையை உபயோகிக்காமல் ஒரு முழு நாள் விடுங்கள். மட்டம் இறங்கினால் கழிவு வெளியே போகிறது. மழைக்காலத்தில் காலித் தொட்டியில் தானாகவே நீர் ஊறினால் நிலத்தடி நீர் உள்ளே வருகிறது. இரண்டுமே உங்கள் போர்வெல்லுக்கு ஆகாது.

கணக்கு

தொட்டியின் அளவு கழிப்பறைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உபயோகிக்கும் ஆட்களின் எண்ணிக்கைதான் கணக்கு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கழிவெடுப்பதாக வைத்துக்கொண்டால், ஐ.எஸ். 2470 சொல்லும் உள்ளளவு ஐந்து பேருக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1.05 மீட்டர் நீர் ஆழம். பத்துப் பேருக்கு 2 மீட்டர், 0.9 மீட்டர், 1.4 மீட்டர். பதினைந்து பேருக்கு நீள அகலம் அதே, ஆழம் 2 மீட்டர். நீர்மட்டத்துக்கு மேல் 30 சென்டிமீட்டர் காலியிடம் எல்லாவற்றுக்கும் தனி.

இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். அப்பா காலத்தில் ஐந்து பேருக்குக் கட்டிய தொட்டி சுமார் 1,180 லிட்டர் பிடிக்கும். நீங்கள் மாடியில் இரண்டு போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட்டால் ஆள் பதினைந்து ஆகிவிடும், தேவை 3,600 லிட்டர். மூன்று மடங்கு. பழையதையே விட்டால் என்ன ஆகும்? கழிவு தொட்டிக்குள் தங்கிப் படிய வேண்டிய நேரம் குறையும். படியாத கசடு சோக் பிட்டுக்குப் போகும். இரண்டொரு வருடத்தில் கீழ்வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். மாடியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தொல்லை எப்போதும் கீழே இருப்பவருக்கு, அதாவது வீட்டுக்காரருக்கு.

பதினைந்து பேர் தொட்டிக்கு ஏழரை அடி ஆழம் தோண்ட வேண்டியிருக்கும் என்பது பழைய வீட்டில் பெரிய சிக்கல். அந்தக் காலத்துக் கருங்கல் அஸ்திவாரம் மூன்று, நான்கு அடிக்குமேல் இறங்கியிருக்காது. அதை ஒட்டி ஏழரை அடிப் பள்ளம் எடுத்தால் அஸ்திவாரத்துக்கு அடியிலிருக்கும் மண் பள்ளத்துக்குள் சரியும், ஒரு மழை போதும். பள்ளத்தின் அடி அஸ்திவாரத்தின் அடியைவிட எத்தனை அடி கீழே போகிறதோ, குறைந்தது அத்தனை அடி தள்ளித் தோண்டுங்கள். இளகிய மணலாக இருந்தால் இன்னும் தள்ளி. இடம் இல்லையா, ஆழத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டலாம். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் நீர் ஆழம் என்றாலும் அதே 3,600 லிட்டர்தான். நீளம் அகலத்தைப்போல் இரண்டிலிருந்து நான்கு மடங்கு இருக்கலாம். அகலம் 75 சென்டிமீட்டருக்கும் நீர் ஆழம் 1 மீட்டருக்கும் குறையக் கூடாது. கொள்ளளவு 2,000 லிட்டரைத் தாண்டினால் நடுவில் தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறையாக்க வேண்டும், முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு.

பழைய தொட்டி உறுதியாக இருந்து அளவு மட்டும் போதவில்லை என்றால் பக்கத்தில் ஒன்று கட்டி இணைப்பது வழக்கம். அப்போது புதிய பெரிய தொட்டி முதலாவதாகவும் பழைய சின்னது இரண்டாவதாகவும் வர வேண்டும். மேஸ்திரிகள் வேலை சுலபம் என்று தலைகீழாக இணைப்பார்கள். பழையதன் நுழைவு மட்டத்தை முதலில் அளந்து, அதிலிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போட்டுப் புதியதன் மட்டத்தை வைத்தால் இது வரும். மட்டம் ஒத்துவராவிட்டால் வீம்புக்கு இணைக்காதீர்கள்.

மழைநீர்க் குழாயை எக்காரணம் கொண்டும் தொட்டியில் சேர்க்கக் கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அதன் குழி தனியாக, சோக் பிட்டுக்கு எட்டாத மூலையில் இருக்க வேண்டும். குளியல், துவைப்புத் தண்ணீரையும் முடிந்தவரை பிரித்துவிடுங்கள். முன்பு அது வாழைக்கும் தென்னைக்கும் போனது. வாஷிங் மெஷின் ஒரே மூச்சில் கொட்டும் சோப்புத் தண்ணீர் தொட்டிக்குள் படிந்த கசடைக் கலக்கி வெளியே தள்ளிவிடும்.

இடம், கிணறு, வாயு மூலை

வெளியேறும் நீர் பூமிக்குள் இறங்கும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது 60 அடி, தள்ளி இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. வீட்டிலிருந்து 6 மீட்டர். இதைப் படித்துவிட்டு முப்பதுக்கு நாற்பது மனைக்காரர் சிரிப்பார். அவர் மனையின் மூலைக்கு மூலையே 50 அடிதான். பக்கத்து வீட்டுப் போர்வெல்லும் மதிலை ஒட்டி இருக்கும். அரை கிரவுண்டில் இந்த விதியை அப்படியே நிறைவேற்ற முடியாது என்பதுதான் உண்மை. முடியாது என்பதற்காக விதி சொல்லும் ஆபத்து இல்லாமல் போய்விடாது. ஆகவே இப்படிப்பட்ட மனையில் மூன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். தொட்டி அடியும் சுவரும் நீர் கசியாத காங்கிரீட்டாக இருக்கட்டும். போர்வெல்லின் மேல்பகுதி கேசிங் குழாயைச் சுற்றிச் சிமெண்ட் கலவை இட்டு அடைத்திருக்கட்டும். உறைகிணற்று நீரைக் குடிக்கவும் சமைக்கவும் எடுக்காதீர்கள். கீழ்நிலைத் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பும் செப்டிக் டேங்கும் ஒரே சுவரைப் பங்குபோடுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஒரு செங்கல் சுவர்ச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாஸ்து பார்ப்பவர்கள் செப்டிக் டேங்குக்கு வாயு மூலை என்பார்கள், வடமேற்கு. நம்பிக்கையைப் பற்றி எனக்கு வாதம் இல்லை. வடமேற்கு மூலைக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கிணறு இருந்தால் அதே மனையில் வேறு இடம் பாருங்கள், வாஸ்துக்காரரிடமும் மாற்று இடம் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள். லாரியின் குழாய் எட்டும் இடமா என்பதையும் அப்போதே பாருங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடிச் சந்துதான் என்றால் பின்மூலையைவிட முன்பக்கம், கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் வைப்பது மேல். அப்போது மூடி கார் எடையைத் தாங்கும்படி கம்பி கட்டிப் போட வேண்டும்.

சோக் பிட் எல்லா மண்ணுக்கும் ஒத்துவராது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் தண்ணீர் உறிஞ்சாது. கடலோர ஊர்களில், ஆறடி தோண்டும் முன்பே நீர் தட்டினால், சோக் பிட் வைப்பது நிலத்தடி நீரிலேயே கழிவை ஊற்றுவது. அங்கே தொட்டியை அடுத்து மேல்நோக்கு வடிகட்டி கட்டுவார்கள். ஜல்லி நிரப்பிய அறையின் அடியில் நுழையும் நீர் மேலெழும்பி வெளியேறும். இதே கடலோர மண்ணில் ஆயத்த பிளாஸ்டிக் தொட்டி இறக்குபவர்கள் கவனிக்க: கழிவெடுத்துக் காலியான நாளில் சுற்றிலும் நீர்மட்டம் ஏறினால் தொட்டி படகுபோல் மிதந்து குழாய்களை முறித்துக்கொண்டு மேலே வரும். அடியில் காங்கிரீட் போட்டு அதோடு சேர்த்துக் கட்ட வேண்டும். எங்கேயும் செய்யக் கூடாதது, வெளிக்குழாயைத் தெருவின் மழைநீர் வடிகாலில் விடுவது. ‘தெருவே அப்படித்தான விட்டிருக்கு’ என்பார்கள். மாநகராட்சி குழாயை அடைத்துவிட்டுப் போகும் நாளில் தெரு உதவிக்கு வராது.

காற்றுக்குழாய் 50 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் குறையக் கூடாது. வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் தொட்டி இருந்தால், நம் வீடுகளில் எல்லாமே அப்படித்தான், அது கட்டடத்தின் உச்சியைத் தாண்டி 2 மீட்டர் உயர வேண்டும். பழைய ஓட்டு வீட்டுக்கு வைத்த குழாய் மாடி எடுத்த பிறகு புதிய படுக்கையறை ஜன்னலுக்கு நேரே நிற்கும். மாடி கட்டும்போதே நீட்டிவிடுங்கள். நுனியில் கொசுவலை கட்டுங்கள், இல்லாவிட்டால் ஊர்க்கொசு முழுதும் உங்கள் தொட்டியில் முட்டையிடும்.

பழையதை மூடுவது

வைத்துக்கொள்ளப் போவதில்லை என்று தீர்ந்தால் பழைய தொட்டியை அப்படியே மண்போட்டு மறைக்காதீர்கள். கழிவை எடுத்து, மூடியை உடைத்து அகற்றி, அடித்தளத்தில் மேலிருந்தே இரண்டு மூன்று துளை இட்டு, கிராவலோ மணலோ ஓரடிக்கு ஓரடி போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கி நிரப்ப வேண்டும். இடிபாடுகளை மொத்தமாகக் கொட்டினால் இடையில் வெற்றிடம் நிற்கும், நாலு வருடத்தில் மேலே இருக்கும் தரை உள்வாங்கும். நிரப்பியதன்மேல் தரை போடலாம். பில்லர் மட்டும் கூடாது. பில்லர் அங்கேதான் வர வேண்டும் என்றால், தொட்டியை முழுதும் பெயர்த்தெடுத்து அசல் மண் வரை இறங்கி அடித்தளம் போடலாமா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொல்லட்டும், மேஸ்திரி அல்ல.

தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்ட இடங்களில் கேள்வியே வேறு. இணைப்பு எடுத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக் குழாய் தொட்டி வழியாகப் போகாமல் நேராகச் சாக்கடைக்குப் போக வேண்டும். ‘இருக்கட்டுமே’ என்று தொட்டியை நடுவில் விட்டால் யாரும் கழிவெடுக்காத தொட்டி ஒன்று வீட்டுக்கடியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். சாக்கடை இன்னும் வராத, ஆனால் பள்ளம் தோண்டத் தொடங்கிவிட்ட புறநகர்ப் பகுதியில் நீங்கள் கட்டுவதாக இருந்தால், தொட்டியைக் கட்டுங்கள். கூடவே அதைச் சுற்றிப் போகும் ஒரு மாற்றுக் குழாயையும் இப்போதே பதித்து, தெருப்பக்க நுனியை மூடி வைத்துவிடுங்கள். பிறகு போர்ட்டிகோ டைல்ஸை உடைக்க வேண்டியிருக்காது.

வேலை முடிந்ததும், மண் மூடும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் நான்கு மூலைகளும் வீட்டின் இரண்டு நிலையான சுவர் மூலைகளிலிருந்து எத்தனை அடி, மூடி எந்த இடத்தில், குழாய் எத்தனை ஆழத்தில், டீக்கள் எந்தப் பக்கம், கடைசியாகக் கழிவெடுத்த தேதி என்ன என்று ஒரு தாளில் எழுதி, ஒரு பிரதியைப் பத்திரத்தோடும் இன்னொன்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு ஈ.பி. மீட்டர் பெட்டிக்குள்ளும் வையுங்கள்.